வாலுக்குள் ஒளித்த ஆன்டெனா

நான் கட்டும் சின்ன விமானத்தின் அபாயச் செய்திப் பெட்டியில் பச்சை விளக்கு ஒரே ஒரு முறை கண்ணைச் சிமிட்டியது. கையேட்டின்படி அதற்கு "எல்லாம் சரி" என்று பொருள். வேலை முடிந்தது என்று நினைத்துத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) தாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விமான ரேடியோக்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். "பெட்டி நல்லா இருக்குன்னு பெட்டியே சொன்னா நம்பிடுவியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியால் எனக்கு மூன்று சனிக்கிழமைகள் போயின. அந்தக் கதைதான் இது.

ஒரேகான் மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூரின் விமானத் திடலில் ஒரு வாடகை ஹேங்கரில் ஆர்.வி-9ஏ என்ற விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓடுபாதையை ஒட்டியே வீடுகள் உள்ள ஊர். காரை நிறுத்துவதுபோல வீட்டு வாசலில் விமானத்தை நிறுத்துகிறார்கள். இந்த விமானத்துக்கான உதிரித் தொகுப்பை விற்கும் வேன்ஸ் நிறுவனம் இருக்கும் அரோராவும் காரில் போய்வரும் தூரம்தான். இறக்கைகள் முடிந்தன, இன்ஜின் ஏறிவிட்டது. மீதி இருப்பது சில்லறை வேலைகள். விமானம் கட்டுகிறவர்கள் சில்லறை என்று சொன்னால் இன்னும் இரண்டு வருடம் என்று அர்த்தம்.

அந்தச் சில்லறைகளில் ஒன்று இ.எல்.டி. விமானம் எங்கேயாவது மோதி விழுந்தால் அந்த அதிர்ச்சியிலேயே விழித்துக்கொண்டு அபாயச் செய்தி அனுப்பும் ஆரஞ்சுப் பெட்டி. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய விமானம் போன்ற சில விலக்குகள் போக, அமெரிக்காவில் சின்ன விமானங்களில் இது கட்டாயம். நான் கட்டுவது இருவர் உட்காரும் விமானம், தப்பிக்க வழியில்லை. தப்பிக்கவும் விரும்பவில்லை. இங்கிருந்து கிழக்கே பெண்ட் ஊருக்குப் போக வேண்டுமென்றால் காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். கீழே ஊசியிலைக் காடு, கம்பளி விரித்தாற்போல. அதற்குள் ஒரு சின்ன அலுமினிய விமானம் விழுந்தால் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான். 1972 அக்டோபரில் இரண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் போன செஸ்னா 310 விமானம் அலாஸ்காவில் காணாமல் போனது. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் ஊளையிடும், அவ்வளவுதான். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. இப்போது கேட்பது 406 மெகாஹெர்ட்ஸை மட்டும். 121.5-ஐ வைத்துக்கொண்டால் மேலே போகும் வேறொரு விமானியோ, பக்கத்தில் வந்துவிட்ட தேடுதல் குழுவோ கேட்டால் உண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே மாட்டிய பழைய வகை சட்டப்படி இன்னும் செல்லும். ஆனாலும் நான் 406 வாங்கினேன். ஐம்பது விநாடிக்கு ஒரு முறை, அரை விநாடி நேரம், 5 வாட் பலத்தில் அது ஒரு செய்தியை எய்யும். அதில் கருவியின் அடையாள எண் இருக்கும். விமானத்தின் ஜி.பி.எஸ்ஸோடு கம்பி இணைத்திருந்தால் விழுந்த இடமும் இருக்கும். 121.5-லும் சேர்ந்தே ஊளையிடும், அதன் பலம் வாட்டில் ஒரு சிறு பங்குதான்.

இத்தனை அறிவும் பெட்டிக்குள் இருக்கிறது. வெளியே போகும் வழி ஒரு கேபிளும் ஒரு கம்பியும். பெட்டி தேர்வு செய்ய மூன்று மாதம் படித்தேன். ஆன்டெனாவுக்கு மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை.

யோசிக்காததற்குக் காரணம் அழகு. ஆர்.வி. பார்க்க லட்சணமான விமானம். அதன் முதுகில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான ஒரு கம்பி துருத்திக்கொண்டு நிற்பதை மனசு ஒப்பவில்லை. வால் துடுப்பின் அடியில் ஒரு கண்ணாடியிழை மூடி வரும். கண்ணாடியிழை ரேடியோ அலையைத் தடுக்காது என்பதால் நிறையப் பேர் கம்பியை வளைத்து அதற்குள் படுக்க வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படியே செய்தேன். நட்டு முடுக்கி, மூடியைத் திருகி, சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு. பின்னால் தாத்தா.

அவர் சொன்னது இதுதான். அந்த விளக்கு பெட்டியின் உள் ஆரோக்கியத்தைச் சொல்கிறது. ஆன்டெனா முனையில் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது என்பது வரை அதற்குத் தெரியலாம். அந்த ஏதோ ஒன்று வானத்தைப் பார்த்துப் பேசுகிறதா, இல்லை அலுமினியத்தோடு குசுகுசுக்கிறதா என்பது தெரியாது. வருடாந்தரச் சோதனை பற்றிய விதியிலும், ஆன்டெனாவிலிருந்து போதுமான சிக்னல் கதிர்வீசப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது, விளக்கு எரிகிறதா என்று அல்ல.

என்னிடம் ஒரு நானோ வி.என்.ஏ. இருந்தது. சீட்டுக்கட்டு அளவில் இருக்கும் அளவீட்டுக் கருவி. ஆன்டெனாவுக்குள் அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று வரைபடமாகக் காட்டும். விமானத்தை ஹேங்கருக்கு வெளியே தள்ளினோம். தகரக் கொட்டகைக்குள் அளந்தால் கொட்டகையையும் சேர்த்து அளந்ததாகிவிடும். கருவியைச் சரிக்கட்டிவிட்டு, கேபிளின் பெட்டிப் பக்க முனையில் மாட்டி அளந்தேன். திரும்பி வருவதைச் சொல்லும் எண்ணுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். என்று பெயர், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 121.5-ல் 3.3. 406-ல் 4.1.

2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 2 என்றாலே ஒன்பதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. 4.1 என்றால் 37 சதவீதம். 5 வாட்டில் கிட்டத்தட்ட 2 வாட் பெட்டிக்கே திரும்பி வருகிறது. மிச்சமும் எந்தத் திசையில் போகிறது என்று யாருக்குத் தெரியும்? படுத்துக்கிடக்கும் கம்பிக்கு இரண்டு விரற்கடை கீழே உலோகத் தகடு. கேபிளிலேயே கொஞ்சம் இழப்பு உண்டு என்பதால் உண்மை நிலை இந்த எண்களைவிட மோசம். கேபிள் இழப்பு எஸ்.டபிள்யூ.ஆரை நல்லதாகக் காட்டி ஏமாற்றும்.

காரணம் எளிய கணக்கு. இந்த வகை ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மறுபாதி அது நிற்கும் உலோகத் தரை. கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும், அடியில் எல்லாப் பக்கமும் அலைநீளத்தில் கால் பங்குக்காவது தகடு பரந்திருக்க வேண்டும். 406-க்குக் கால் பங்கு 18.5 சென்டிமீட்டர், 121.5-க்கு 61.7. என் வால் அடி மூடிக்குள் நிமிரவும் இடமில்லை, தரையும் ஒரு பக்கம்தான். துணி போர்த்திய விமானத்திலோ கண்ணாடியிழை விமானத்திலோ இந்தத் தரையைத் தாமிரப் பட்டை ஒட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். அலுமினிய விமானத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைத்ததை நான் வேண்டாமென்றிருந்தேன்.

சரி, எங்கே வைப்பது? இதில் தாத்தாவுக்கும் எனக்கும் ஒரு பகல் முழுக்க வாக்குவாதம். மூக்குச் சக்கரம் வைத்த விமானம் மெத்து நிலத்தில் இறங்கினால் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழலாம். கவிழ்ந்தால் முதுகில் நிற்கும் கம்பி என்ன ஆகும் என்பது என் கேள்வி. அவர் மேசையில் கிடந்த பொம்மை விமானத்தைத் தலைகீழாக வைத்துக் காட்டினார். மூக்கு, கண்ணாடிக் கூண்டு, வால் துடுப்பின் நுனி இவைதான் மேசையைத் தொட்டன. கூண்டுக்கும் துடுப்புக்கும் நடுவே முதுகின் அடியில் ஒரு முக்கோண இடைவெளி. "கம்பி வளையும், ஒடிய வேண்டியதில்லை. உன் பழைய இடம் துடுப்போட சேர்ந்து நசுங்கும்." தலைகீழாகக் கிடக்கும்போது தகடு மேலே, கம்பி கீழே, அதனால் சிக்னல் பலவீனமாகும் என்பதை அவரும் மறுக்கவில்லை. எல்லா விபத்துக்கும் பொருத்தமான இடம் என்று ஒன்று கிடையாது.

இன்னொரு விஷயம் அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. 2010 ஆகஸ்டில் அலாஸ்காவில், முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் இறந்த விபத்தில், விமானத்தில் 406 கருவி இருந்தது. வேலையும் செய்தது. ஆனால் மோதலில் தன் தாங்கியிலிருந்து கழன்று, ஆன்டெனா கேபிளையும் பிய்த்துக்கொண்டு கீழே கிடந்தது. யாருக்கும் சிக்னல் கேட்கவில்லை. ஒன்பது பேரில் நால்வர் உயிரோடு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு 2015-ல் நாசா, வர்ஜீனியாவின் லாங்லியில் மூன்று செஸ்னா 172 விமானங்களை உயரத்திலிருந்து விட்டு மோதவைத்து இ.எல்.டி.களைச் சோதித்தது. ஒன்று மண்ணில் மூக்கு குத்திக் குப்புறக் கவிழ்ந்தது. விமானங்களைத் தொங்கவிட்ட அந்த ராட்சதச் சாரம் ஒரு காலத்தில் நிலவில் இறங்கப் போகிறவர்கள் பயிற்சி எடுத்தது. அந்தக் காணொளியை நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். "அப்பா, நம்ம பெட்டி எதுல மாட்டியிருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நல்ல கேள்வி. பெட்டியை நான் சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னால், வால்கூம்புக்குள், இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே தகடு போட்டு மாட்டியிருந்தேன். 100 பவுண்டு விசையில் இழுத்தாலும் பத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது விதி. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏறும் முன் 23 கிலோ தாண்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்ந்த தராசு. அதை மாட்டி 45 கிலோ காட்டும்வரை இழுத்தேன், மகள் அளவுகோலைப் பிடித்தாள். மயிரிழைதான் அசைந்தது. இந்த ஒன்றிலாவது தேறினேன்.

ஆக, ஆன்டெனாவும் அதே வால்கூம்பின் மேல்தகட்டில், பெட்டிக்கு முடிந்தவரை அருகில். விமானம் உடைந்தால் பெரும்பாலும் பகுதிகள் இணைகிற இடங்களில்தான் உடையும். பெட்டி ஒரு துண்டிலும் ஆன்டெனா இன்னொரு துண்டிலும் போய்விடக் கூடாது. பேசும் ரேடியோவின் ஆன்டெனா வயிற்றுப் பக்கம் இருக்கிறது, அதனால் அதோடு தகராறு இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை. முடிந்துபோன தகட்டில் ஓட்டை போடுவதைப்போல் கை நடுங்கும் வேலை வேறில்லை. உள்ளே இருந்து அளந்தேன், வெளியே இருந்து அளந்தேன், அரை அங்குலம் இடித்தது. மறுபடி அளந்தேன். உள்பக்கம் ஓடும் வலுப்பட்டையின் விளிம்பை நடுக்கோடு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் போட்ட குறியில் துளைத்திருந்தால் பட்டையையே குடைந்திருப்பேன். பென்சில் குறியை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மேல்தகடு மெல்லியது. கட்டைவிரலால் அழுத்தினால் டப்பா மூடிபோல் டிக்கென்று உள்ளே போய் வரும். நூறு மைல் வேகக் காற்றில் ஆடும் கம்பியை அதில் நேரடியாக நட்டால் சில வருடத்தில் துளையைச் சுற்றி விரிசல் விடும். அதனால் உள்பக்கம் 0.063 அங்குல அலுமினியத்தில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒட்டுத்தகடு ஒன்று வெட்டி, மூலைகளை உருட்டி, பிசிறு எடுத்து, ப்ரைமர் அடித்து வைத்தேன். ஓரத்தைச் சுற்றி மட்டத்தலை ரிவெட்டுகள். க்ளெக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பான்களை மாட்டிப் பொருத்திப் பார்த்தாயிற்று. இனி ரிவெட்டின் மறுமுனை நசுங்க, உள்ளேயிருந்து யாராவது இரும்புக் கட்டியைப் பிடிக்க வேண்டும்.

வால்கூம்புக்குள் என் உடம்பு போகாது. ஒரு முறை போய்விட்டு வெளியே வரக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மகளுக்குப் பதினான்கு வயது, ஒல்லி. பலகை போட்டு, அதன்மேல் பழைய மெத்தை விரித்து அவளை உள்ளே அனுப்பினேன். ரிவெட் துப்பாக்கி ஓடும்போது அந்தக் கூம்பு உறுமி மேளம். காதடைப்பான் போட்டுக்கொண்டு பேசவும் முடியாது. அதனால் தட்டுதான் பாஷை. ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, போதும். மூன்று தட்டு, கெட்டுப்போச்சு. பதினாறு ரிவெட்டில் ஒன்றே ஒன்றுக்கு மூன்று தட்டு கேட்டது. அதைக் குடைந்தெடுத்து வேறு போட்டோம். வெளியே வந்தவள் தலைமுடியெல்லாம் அலுமினியத் தூள். "ஏங்க, குழந்தையைப் புகைக்கூண்டுக்குள்ள விட்டு எடுத்த மாதிரி இருக்கு," என்றாள் வீட்டில் மனைவி.

கேபிள் ஆர்ஜி-400, இரட்டைக் கவச வலை போட்டது. பி.என்.சி. என்ற இணைப்பு முனைகளை நானே கிரிம்ப் செய்தேன். அதை, வால் பரப்புகளை அசைக்கும் எலிவேட்டர் தள்ளுகோலிலிருந்தும் ரட்டர் கேபிளிலிருந்தும் விலக்கிக் கட்டுவதுதான் கவனமான வேலை. கட்டுப்பாட்டுக் குச்சியை எல்லாத் திசையிலும் கடைசிவரை தள்ளி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிப் பக்கம் ஒரு சுற்று தளர்வாக விட்டேன். மோதலில் பெட்டி கொஞ்சம் நகர்ந்தாலும் கேபிள் விறைத்துப் பிய்ந்துவிடக் கூடாது. அலாஸ்கா அந்தச் சுற்றில் இருக்கிறது.

மாலையில் கம்பியை நட்டு, வெளியே தள்ளி, மறுபடி அளந்தேன். 406-ல் 2.6. இறங்கியிருக்கிறது, போதாது. கேபிளைச் சற்று நகர்த்தலாமென்று தொட்டேன், எண் 2.1 ஆனது. கையை எடுத்தேன், 2.7. இறுக்கிப் பிடித்தேன், 1.8. ஆன்டெனா என் கையைத் தரையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

தாத்தாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அடித்தட்டைக் கழற்றிப் பார்த்ததுமே புரிந்தது. ஒட்டுத்தகட்டுக்கு ஆசை ஆசையாக அடித்த ப்ரைமர். ஆன்டெனாவின் நட்டும் வாஷரும் உட்கார்ந்திருப்பது பச்சை வண்ணத்தின்மேல், உலோகத்தின்மேல் அல்ல. வெளிப்பக்கமும் பெயின்ட். கேபிளின் கவச வலைக்கும் விமானத்தின் தோலுக்கும் நடுவே நல்ல தொடுப்பே இல்லை. துருப்பிடிக்காமல் காக்க அடித்த ஒன்று மின்சாரத்தையும் காத்து வைத்திருந்தது. அன்றைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை, வாஷர் அளவுக்கு வட்டமாகச் சுரண்டி, வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்தேன். பெயின்ட் போன இடத்துக்கு அலோடின் என்ற ரசாயனப் பூச்சைத் தடவினேன். அது துருவைத் தடுக்கும், மின்சாரத்தை விடும். பல்லுள்ள வாஷர் போட்டு முடுக்கினேன். நீர் புகாமல் இருக்கப் பசையை அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி வெளியே மட்டும் தடவினேன். தொடும் பரப்புக்கு நடுவே பசை போனால் பழைய கதைதான். இந்த முறை 121.5-ல் 1.9, 406-ல் 1.4. கேபிளைத் தொட்டேன், தடவினேன், கிள்ளினேன். எண் அசையவில்லை.

கடைசியாகக் கதிர்வீச்சு. 121.5-ஐ உண்மையாக ஓடவிட்டுச் சோதிக்க ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடம்தான் அனுமதி, அதுவும் மூன்று ஊளைக்கு மேல் கூடாது. 406-ஐ உண்மையாக ஓடவிடவே கூடாது. முதல் செய்தி ஏறத்தாழ ஐம்பது விநாடியில் கிளம்பிவிடும். அதனால் 406-க்கு உள்சோதனைப் பொத்தான்தான், அது அனுப்பும் செய்தியில் சோதனை என்ற அடையாளம் இருக்கும், செயற்கைக்கோள் தரப்பில் கண்டுகொள்ள மாட்டார்கள். 121.5-க்குத் தாத்தா ஒரு கிழட்டு ஏ.எம். டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தார். அதை ஆன்டெனாவுக்கு ஆறு அங்குலத்தில் பிடித்தால், முள் எங்கே இருந்தாலும் ஊளை கேட்க வேண்டும். அத்தனை பக்கத்தில் வைத்தும் கேட்கவில்லை என்றால் ஆன்டெனாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. நல்ல ரேடியோ இதற்கு உதவாது. கேபிளில் கசியும் துளி சிக்னலையும் அது பிடித்துவிடும். செவிட்டு ரேடியோதான் உண்மை பேசும் என்றார்.

பத்து மணி ஒரு நிமிடம். மகள் ஸ்விட்சைப் போட்டாள். டிரான்சிஸ்டருக்குள்ளிருந்து மேலிருந்து கீழே வழுக்கும் அந்த ஊளை, ஒன்று, இரண்டு, மூன்று. அணைத்துவிட்டாள். ஒரு பரிசோதனைக்காகப் பழைய இடத்திலும் கேட்டுப் பார்த்திருக்கலாமே என்றாள். கம்பி ஒன்றுதான் இருக்கிறது, திரும்பக் கழற்றும் தெம்பு எனக்கில்லை.

கருவியை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவிடம் பதிவு செய்தேன். காசு கிடையாது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாத கருவி கத்தினால், கத்துவது யார் என்றே அங்கே தெரியாது. பதிவு இருந்தால் முதலில் போன் செய்வார்கள். தவறாகத் தட்டுப்பட்டு ஓடும் கருவிகளே அதிகம் என்பதால் பெரும்பாலும் அந்த ஒரு போனோடு முடிந்துவிடும். அவசரத் தொடர்புக்கு மனைவியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கும் புளோரிடாவின் டிண்டல் விமானப்படைத் தளத்திலிருந்து அழைப்பு வரலாம், விளம்பரக் கால் என்று வெட்டிவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அப்ப நீங்க எங்கன்னு நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். கிளம்பும் முன் போகிற வழியை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுவதாக ஒப்பந்தம்.

பழைய இடத்தில் விழுந்த ஓட்டைக்கு ஒரு வட்டத் தகடு வைத்து ரிவெட் அடித்தாயிற்று. மூடிக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. முதுகுக் கம்பி மட்டும் இன்னும் கண்ணை உறுத்துகிறது. நேற்று குனிந்து நிமிரும்போது நெற்றியிலும் உறுத்தியது. மகள் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு நுனியில் செருகிவிட்டாள். புறப்படும் முன் பார்க்கும் பட்டியலில் எரிபொருள் மூடிக்கு அடுத்த வரியாக "பந்தைக் கழற்று" என்று சேர்த்திருக்கிறேன்.